எலும்பு ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம்

வின்செஸ்டருக்கு வருகிறவர்கள் நேரே பேராலயத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் ஊரின் மேற்கு மேட்டிலிருந்து இறங்கிவரலாம் என்று கிளம்பினேன். இங்கிலாந்து என்று ஒரே நாடு உருவாகும் முன்பே வெஸ்ஸக்ஸ் அரசர்கள் இருந்து ஆண்ட ஊர் இது. நார்மானியர் வந்த பிறகும் அரசாங்கக் கஜானா கொஞ்ச காலம் இங்கேதான் இருந்தது. பிறகு எல்லாம் லண்டனுக்குப் போய்விட்டது. அரசர்கள் போனாலும் அவர்களைப் பற்றிய கதைகள் போகவில்லை.

மேட்டின் மேலிருந்த கோட்டையை, 17ஆம் நூற்றாண்டில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் நாடாளுமன்றக் கட்சிக்காரர்கள் இடித்துவிட்டார்கள். மிஞ்சியது 1235இல் கட்டி முடிந்த பெருங்கூடம் ஒன்று. 1603இல் லண்டனில் கொள்ளைநோய் என்பதால் கடலோடி வால்ட்டர் ராலேயை இந்தக் கூடத்தில் வைத்துத்தான் விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். ஆனால் கூட்டம் வருவது அதற்காக அல்ல. மேற்குச் சுவரில் ஐந்தரை மீட்டர் விட்டத்தில் ஒரு மரவட்டம் தொங்குகிறது. ஆர்தர் அரசரின் வட்ட மேசை! கருவாலி மரம், எடை 1,200 கிலோ. விளிம்பைச் சுற்றி இருபத்துநான்கு வீரர்களின் பெயர்கள். உச்சியில் ஆர்தர் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

1970களில் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணியும் கரிமக் கணக்குப் போட்டும் பார்த்தார்கள். மேசை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. முதலாம் எட்வர்ட் ஏதோ விழாவுக்காகச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆர்தர் வாழ்ந்திருந்தால் அது அதற்கும் ஏழெட்டு நூற்றாண்டு முன்பு. அதன் மேல் வண்ணம் பூசச் சொன்னவர் எட்டாம் ஹென்றி. 1522இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் விருந்தாளியாக வந்தபோது அவருக்குக் காட்டிப் பெருமைப்பட்டார். ஆர்தரின் முகத்தை உற்றுப் பார்த்தால் தாடி வைத்த இளம் ஹென்றியின் சாயல் தெரிகிறது. நடுவில் டியூடர் வம்சத்து ரோஜா வேறு. பழைய மேசை, அதைவிடப் பழைய பெயர், புதிய முகம். அரசியலில் இது எந்தக் காலத்திலும் செல்லுபடியாகிற சரக்கு.

மேட்டிலிருந்து இறங்கினால் பெரிய கடைத்தெரு. அதிலிருந்து வடக்கே பிரிவது ஜூவரி தெரு. பெயரே சொல்கிறது, யூதர்கள் வாழ்ந்த தெரு. அங்கே நடைபாதையில் 2022இல் வைத்த ஒரு வெண்கலச் சிலை. ஒரு பெண், ஒரு கையில் மகனைப் பிடித்திருக்கிறாள். மறு கையில் வரி கேட்டு அரசர் அனுப்பிய ஓலை. லிகோரிசியா என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் அரசருக்கே கடன் கொடுக்கும் அளவு பணம் படைத்தவள். 1244இல் அவளுடைய இரண்டாவது கணவர் ஆக்ஸ்ஃபர்டு டேவிட் இறந்ததும் சொத்தில் தன் பங்கு என்று அரசர் 5,000 மார்க் கேட்டார். கணக்கு முடியும்வரை அவளை லண்டன் கோபுரத்தில் அடைத்து வைத்தார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி எங்கே போனது தெரியுமா? வெஸ்ட்மின்ஸ்டர் அபே திருப்பணிக்கு. 1277இல் லிகோரிசியாவும் அவள் வீட்டுக் கிறிஸ்தவப் பணிப்பெண்ணும் இதே தெருவில் கொலையுண்டு கிடந்தார்கள். பத்து ஆண்டு கழித்து அவள் மகன் ஆஷெரை இந்த ஊர்க் கோட்டையில் அடைத்தபோது, நாட்டின் யூதர்கள் எல்லாம் சிறைப்பட்டிருக்கிறார்கள் என்று சுவரில் எபிரேய எழுத்தில் கீறி வைத்தான். 1290இல் யூதர்கள் அத்தனை பேரையும் நாட்டை விட்டு வெளியேற்றியவர் முதலாம் எட்வர்ட். மேலே தொங்குகிற மேசைக்குச் சொந்தக்காரராகக் கருதப்படும் அதே எட்வர்ட். மேசையைப் பார்க்க நின்ற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தத் தெருவுக்கு வரவில்லை.

தெரு போய் முடிகிற இடத்தில் ஹைட். வெஸ்ஸக்ஸை ஆண்ட ஆல்ஃபிரட் அரசரைத் தேடுகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். கடைத்தெருவின் கிழக்குக் கோடியில் வாளை உயர்த்தி நிற்கும் அவருடைய வெண்கலச் சிலையை 1901இல் வைத்தார்கள், இறந்து ஆயிரம் ஆண்டு நிறைவு என்று. அவர் இறந்தது 899இல் என்று பிறகுதான் முடிவானது. ஆயிரமாவது திதி இரண்டு ஆண்டு பிந்திவிட்டது. சிலையையாவது போய்ப் பார்க்கலாம். உடல்?

முதலில் பழைய பேராலயத்தில் புதைத்தார்கள். பிறகு பக்கத்திலேயே கட்டிய புதிய ஆலயத்துக்கு மாற்றினார்கள். 1110இல் துறவிகள் ஊருக்கு வெளியே ஹைட்டுக்குக் குடிபெயர்ந்தபோது மனைவி, மகன் எலும்புகளோடு அரசரையும் தூக்கி வந்தார்கள். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததும் ஹைட் மடமும் போயிற்று. 1788இல் அந்த இடத்தில் சிறை கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டிய கைதிகள் கல்சவப்பெட்டிகளை உடைத்தார்கள், ஈயத்தை விற்றார்கள், எலும்புகளை விசிறியடித்தார்கள். 2013இல் பக்கத்து மாதாகோயிலின் பெயரில்லாத கல்லறை ஒன்றைத் திறந்து பார்த்தார்கள். ஆல்ஃபிரட் காலத்துக்கு மிகவும் பிந்திய எலும்புகள். அடுத்த ஆண்டுதான் வேடிக்கை. ஊர் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில், 1999 அகழ்வில் கிடைத்து அட்டைப்பெட்டிக்குள் கிடந்த இடுப்பெலும்புத் துண்டு ஒன்றைச் சோதித்தால், அது சரியாக அந்தக் காலம். ஆல்ஃபிரட்டாக இருக்கலாம், மகன் எட்வர்டாகவும் இருக்கலாம். இப்போது பூங்காவாக இருக்கும் அந்த இடத்தில் மூன்று கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள், பலிபீடம் இருந்த இடத்தின் முன்னால். ஒரு தாத்தா அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

கடைத்தெருவுக்குத் திரும்பி வந்து வெண்ணெய்ச் சிலுவை என்ற 15ஆம் நூற்றாண்டுக் கல்தூணின் படிகளில் கொஞ்சம் உட்கார்ந்தேன். 1770இல் தெருவுக்குத் தளம் போடும் குழு இதை ஒரு பண்ணையாருக்கு விற்றுவிட்டது. அவருடைய ஆட்கள் பெயர்த்தெடுக்க வந்ததும் ஊர்க்காரர்கள் திரண்டு விரட்டியடித்தார்கள். பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டம் எதுவும் இல்லாத காலம். அதனால்தானோ என்னவோ வேலை சீக்கிரம் முடிந்தது.

சிலுவையின் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தால் சட்டென்று புல்வெளி. பேராலயம் தெரிவதற்கு முன் கல்லறைகள். அதில் ஒன்றுக்கு மட்டும் வழியில் நிற்க வேண்டும். தாமஸ் தெட்ச்சர், ஹாம்ப்ஷயர் படைவீரர், 26 வயது. 1764 மே மாதம் உடம்பு சூடாயிருக்கும்போது குளிர்ந்த லேசான பீரைக் குடித்துக் காய்ச்சல் கண்டு செத்தார். தோழர்கள் கல் வைத்து அதில் ஒரு பாட்டும் செதுக்கினார்கள். வெயிலில் குடிப்பதென்றால் கடும் பீராகக் குடி, இல்லாவிட்டால் தொடாதே என்பது சாரம். 1918இல் பிரான்ஸ் போர்முனைக்குப் போகும் வழியில் பில் வில்சன் என்ற அமெரிக்கச் சிப்பாய் இதைப் படித்தார். பின்னாளில் குடியில் அழிந்து, மீண்டு, ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரானார். இயக்கத்தின் ஆதார நூலில் அவர் சொல்லும் சொந்தக் கதையின் முதல் பக்கத்திலேயே இந்தக் கல் வருகிறது. இப்போது நிற்பது 1966இல் வைத்த மறுபதிப்பு.

புல்லில் செங்கல் வரியாக ஒரு கட்டடத்தின் வரைபடம் பதித்திருக்கிறது. பேராலயத்துக்கு முந்திய பேராலயம் அது. 863இல் இறந்த ஆயர் ஸ்விதன், என்னை உள்ளே புதைக்காதீர்கள், மழையும் மனிதர் காலும் படும் இடத்தில் புதையுங்கள் என்று கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். நூறு வருஷம் அப்படியே இருந்தார். 971 ஜூலை 15 அன்று, புனிதர் வெளியே கிடப்பதா என்று உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று பிடித்த மழை நாற்பது நாள் விடவில்லை என்பது ஐதீகம். இன்றும் ஜூலை 15இல் மழை பெய்தால் நாற்பது நாள் மழை என்று ஆங்கிலேயர்கள் சொல்கிறார்கள். அந்த நாட்டு வானிலைக்கு எந்தத் தேதியை எடுத்தாலும் பாதி பலிக்கும் என்பது என் அபிப்பிராயம். எட்டாம் ஹென்றியின் ஆட்கள் 1538 செப்டம்பரில் அதிகாலை மூன்று மணிக்கு ஸ்விதனின் சமாதிப் பேழையை உடைத்து வெள்ளியை அள்ளிப்போனார்கள்.

இப்போது நிற்கிற பேராலயத்தை 1079இல் தொடங்கியவர் நார்மானிய ஆயர் வால்கலின். ஹெம்பேஜ் காட்டில் மூன்று நாளில் (சிலர் கணக்கில் நாலு) வெட்ட முடிந்த மரத்தை எடுத்துக்கொள் என்றாராம் அரசர் வில்லியம். அரசர் திரும்பிப் பார்ப்பதற்குள் காடே காணாமல் போயிருந்தது. நீளம் 170 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் கோபுரம் குட்டை, கட்டடம் குப்புறப் படுத்துக் கிடப்பது போலத்தான் இருக்கும். பெரிய ஏமாற்றம் என்றுகூடச் சொல்வேன். உள்ளே போய் நடுக்கூடத்தின் மேற்குக் கோடியில் நின்று கிழக்கே பார்க்கிறபோது அந்த எண்ணம் போய்விடுகிறது. தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன.

நான் அதிக நேரம் நின்றது அதற்கு நேர் எதிர்த் திசையைப் பார்த்து. மேற்கு ஜன்னல் சுவர் முழுக்க உயர்ந்து நிற்கிறது. தூரத்தில் ஏதோ நவீன ஓவியம் என்று தோன்றும். 1642 டிசம்பரில் நாடாளுமன்றப் படைவீரர்கள் உள்ளே புகுந்து இந்தக் கண்ணாடியை நொறுக்கினார்கள். மன்னராட்சி திரும்பிய பிறகு சில்லுகளைப் பொறுக்கியெடுத்தார்கள். யாருடைய கை, யாருடைய அங்கி என்று யாராலும் சேர்க்க முடியவில்லை. கிடைத்ததைக் கிடைத்தபடி ஈயத்தில் கோத்து மாட்டிவிட்டார்கள். உடைந்த வளையல் போட்டுச் சிறுவயதில் நாம் செய்த கலைடாஸ்கோப் மாதிரி இருக்கிறது. கழுத்து வலிக்கப் பார்த்தால் ஒரு தாடி தெரிகிறது, பக்கத்தில் வேறு யாருடையதோ நீல மடிப்பு, அதற்கும் மேலே ஒற்றை முகம், தேய்ந்துபோய், யாரையும் பார்க்காமல். கதை சொல்ல வைத்த ஜன்னலில் கதை இல்லை, நிறம் மட்டும் இருக்கிறது.

வீரர்கள் அந்த ஜன்னலை எதைக்கொண்டு உடைத்தார்கள்? அரசர்களின் எலும்புகளை வீசித்தான் என்பது இந்த ஊர் மரபு. பழைய ஆலயத்தில் இருந்த ஆங்கிலோ சாக்ஸன் அரசர்கள், டேனியர் கன்யூட், அவர் மனைவி எம்மா ஆகியோரின் எலும்புகளைப் பெட்டிகளில் இட்டுப் பலிபீடத்தின் இருபுறக் கல்தடுப்புகள் மேல் வைப்பது வழக்கம். எம்மா முதலில் எதெல்ரெட் அரசருக்கும் பிறகு அவருடைய நாட்டை வென்ற கன்யூட்டுக்கும் மனைவியாக இருந்தவர். பெட்டிகளைக் கவிழ்த்த கலவரத்துக்குப் பின் பொறுக்கிப் போட்டவர்களுக்கு எது யார் என்று எப்படித் தெரியும்? ஆறு பெட்டிகளில் அள்ளிப் போட்டார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,300க்கும் மேற்பட்ட எலும்புகளைப் பிரித்து அடுக்கி, 2019இல் கணக்குச் சொன்னார்கள்: குறைந்தது 23 பேர். பெட்டிகளில் எழுதியுள்ள பெயர்களைவிட ஆட்கள் அதிகம். பெண் ஒருவர் இருக்கிறார், அனேகமாக எம்மா. எந்தப் பட்டியலிலும் இல்லாத இரண்டு சிறுவர்களும் இருக்கிறார்கள். வழிகாட்டியாக நின்ற வயதான தன்னார்வலர் அம்மையாரிடம் அந்தப் பையன்கள் யார் என்று கேட்டேன். “அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், கன்யூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை” என்று சிரித்தார்.

வடக்குப் பக்க நடையில் தரையோடு தரையாக ஒரு கருங்கல். ஜேன் ஆஸ்டின். உடல்நிலை மோசமாகி வைத்தியத்துக்காக இந்த ஊருக்கு வந்தவர், 1817 ஜூலை 18இல் 41 வயதில் இறந்தார். கல்வெட்டு நீளமானது. அவருடைய பொறுமை, இனிய சுபாவம், அறிவின் சிறப்பு எல்லாம் இருக்கிறது. நாவல் எழுதினார் என்ற செய்தி மட்டும் இல்லை. நாவல்கள் அவர் பெயர் போடாமல்தானே வந்தன. பாதிரியார் மகள் என்ற உறவில்தான் பேராலயத்தில் இடம் கிடைத்தது. அடக்கத்துக்கு வந்தது நாலே ஆண்கள். பெண்கள் போகும் வழக்கமில்லாததால் அக்கா கஸாண்ட்ரா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தபடி நின்றார். எழுத்தாளர் என்று சொல்லும் பித்தளைத் தகடு சுவருக்கு வந்தது 1872இல். 2017இல் அவர் படம் போட்ட பத்து பவுண்டு நோட்டை இதே பேராலயத்தில்தான் அறிமுகப்படுத்தினார்கள்.

அவருடைய கடைசி எழுத்து எது என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜூலை 15, ஸ்விதன் திருநாள். சாவதற்கு மூன்று நாள் முன்பு, படுக்கையிலிருந்து ஒரு கேலிப் பாட்டுச் சொல்ல, பக்கத்திலிருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். வின்செஸ்டர்க்காரர்கள் தன் அனுமதி கேட்காமல் குதிரைப் பந்தயம் வைத்துவிட்டார்கள் என்று ஸ்விதன் கோபித்துக்கொண்டு மழை பெய்விப்பதாக மிரட்டும் பாட்டு. குடும்பத்தார் அதை நெடுங்காலம் வெளியே விடவில்லை. மரணப் படுக்கையில் இருப்பவர் சிரிக்கலாமா என்ற சங்கடமாக இருக்கலாம். எனக்கென்னவோ அந்தக் கல்வெட்டைவிட இந்தப் பாட்டில்தான் அவர் முழுசாக இருக்கிறார்.

கிழக்குக் கோடியில் இன்னொரு குறும்பு. கார்டினல் போஃபர்ட்டின் கல்லறை ஆடம்பரமாக நிற்கிறது. 1431இல் ஜோன் ஆஃப் ஆர்க்கைத் தீயிட்டபோது உடனிருந்தவர். 1923இல் ஜோனுக்கு ஒரு சிலை செய்து, கார்டினலின் கல்லறையைப் பார்த்தாற்போல எதிரே நிறுத்தியிருக்கிறார்கள்.

அதன் அருகே முக்குளிப்பு உடையில் ஒரு சிறிய சிலை. பேராலயத்தில் டைவருக்கு என்ன வேலை? இந்தக் கிழக்குப் பகுதியை 13ஆம் நூற்றாண்டில் கரிச் சேற்று நிலத்தில், பீச் மரக்கட்டைகளைப் பரப்பி அதன் மேல் கட்டினார்கள். 1905 வாக்கில் சுவர்கள் சாய்ந்து விரிசலில் கை நுழைந்தது. தோண்டினால் நீர் சுரக்கிறது. நீரை இறைத்தால் மண்ணும் கூடவே வந்து கட்டடம் சரிந்துவிடும். நீர் இருக்க, நீருக்கடியிலேயே சேற்றை வெட்டியெடுத்துச் சிமெண்டு மூட்டை அடுக்கி அடைத்துவிட்டால் பிறகு இறைக்கலாம் என்றார் பொறியாளர் ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ். வில்லியம் வாக்கர் வந்தார். 1906 முதல் 1911 வரை, தினம் ஆறு மணி நேரம், 90 கிலோ உடையோடு, ஆறு மீட்டர் ஆழம் வரை இறங்கினார். கலங்கிய தண்ணீரில் விளக்கால் பிரயோஜனமில்லை. இருட்டில் கையால் தடவித் தடவித்தான் வேலை. சுற்றிலும் இடுகாட்டு மண். இருபத்தைந்தாயிரம் மூட்டைக்கு மேல் சிமெண்டு கலவை, 1,15,000 கான்கிரீட் கட்டிகள், ஒன்பது லட்சம் செங்கல் இறங்கின என்பது கணக்கு. 1912இல், அதுவும் ஸ்விதன் நாளில், அரசர் வந்து நன்றி வழிபாடு நடந்தது. 1918 விஷக்காய்ச்சலில் வாக்கர் இறந்தார்.

1964இல் அவருக்குச் சிலை வைத்தபோது, குழுவாக எடுத்த புகைப்படத்தில் ஆளைத் தப்பாகப் பார்த்துவிட்டார் சிற்பி. டைவர் உடைக்குள் பொறியாளர் ஃபாக்ஸின் முகம்! உழைத்தவன் உடம்பு, அதிகாரியின் தலை. 2001இல்தான் மாற்றினார்கள். இப்போது இருக்கிற முகம் வாக்கருடையது, மீசையோடு.

கீழே நிலவறைக்கு வாசல்வரைதான் அனுமதி. நான் போயிருந்த ஆண்டின் குளிர்கால மழை ஏப்ரலிலும் வடிந்திருக்கவில்லை. உள்ளே கணுக்கால் மூழ்க ஒரு ஈய மனிதன் நிற்கிறான், குவித்த கைகளைக் குனிந்து பார்த்தபடி. சிற்பி ஆண்டனி கோர்ம்லி தன் உடம்பையே அச்சாக எடுத்து 1986இல் செய்தது. வாக்கர் அடைத்த பிறகும் தண்ணீர் வருகிறதே என்று கேட்டால், வரட்டும் என்பதுதான் ஏற்பாடு என்கிறார்கள்.

தெற்குப் பக்கம் வெளியேறும் கல்வளைவுப் பாதைக்கு 1632 தேதி. அதுவரை ஊர்க்காரர்கள் சந்தைக்குப் போக நடுக்கூடம் வழியாகவே குறுக்கே புகுந்து போவார்களாம். ஆயர் கர்ல் தனி வழி வெட்டி, வழிபடுகிறவர் அப்படி, வழிப்போக்கர் இப்படி என்று லத்தீனில் எழுத்துகளைக் கட்டங்கட்டமாகச் சிதறடித்துப் பொறித்து வைத்தார். கருவாட்டுக் கூடையைச் சுமந்து வந்தவர்கள் நின்று லத்தீன் விடுகதையை அவிழ்த்திருப்பார்கள் என்று நம்பிய ஆயரை எனக்குப் பிடித்திருந்தது.

கிங்ஸ்கேட் என்ற நகரவாசலின் தலைமேல் ஒரு குட்டி மாதாகோயில், அதுவும் ஸ்விதன் பேரில். அதைத் தாண்டி காலேஜ் தெருவில் ஜேன் ஆஸ்டின் இறந்த வீடு. பிறகு ஊர் முடிந்து இட்சென் ஆற்றின் நீர்ப்புல்வெளிகள். சுண்ணாம்புப் பாறையில் வடிகட்டி வரும் ஆறு, அடியில் ஆடும் பாசி இழை இழையாகத் தெரியும். 1819 செப்டம்பரில் கவிஞர் கீட்ஸ் இங்கே தங்கி நாள்தோறும் இந்த வழியே நடந்தார். அப்படி ஒரு நடைக்குப் பின் எழுதியதுதான் இலையுதிர்காலக் கவிதை.

அந்தப் பாதை புனித சிலுவை மருத்துவமனையில் முடிகிறது. பெயர்தான் மருத்துவமனை, முதியோர் அறச்சாலை. 1130களில் ஆயர் ஹென்றி டி ப்ளுவா நிறுவியது. பதின்மூன்று ஏழைகளுக்கு உறைவிடம், தினம் நூறு பேருக்கு வாசலில் சாப்பாடு என்பது அறக்கட்டளை. உள்ளே இன்னும் முதியவர்கள் வாழ்கிறார்கள். பழைய அறத்தைச் சேர்ந்தவர்களுக்குக் கறுப்பு அங்கி. 1445இல் கார்டினல் போஃபர்ட், ஆமாம் அதே போஃபர்ட், நொடித்துப்போன மேன்மக்களுக்காகச் சேர்த்த பிரிவுக்குச் சிவப்பு அங்கி. வழிப்போக்கர் வாய்விட்டுக் கேட்டால் ரொட்டியும் பீரும் உண்டு. கேட்காவிட்டால் கிடையாது. வாசற்காவலரிடம் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டேன். ஒரு வாய் ரொட்டித் துண்டும் சிறு கோப்பையில் நாலு மிடறு பீரும் சின்னத் தட்டில் வந்தன. எனக்கு முன்னால் வாங்கியவர் நல்ல கோட்டும் விலையுயர்ந்த கேமராவும் வைத்திருந்தார்.

இந்த அறத்தைச் சாப்பிட்டவர்களும் உண்டு. 1808இல் ஆயர் ப்ரவுன்லோ நார்த் தன் மகன் ஃபிரான்சிஸை இதற்குத் தலைவராக்கினார். பின்னாளில் கில்ஃபோர்டு பிரபுவாகிவிட்ட அந்த மகன் அரை நூற்றாண்டு அளவுக்கு வருமானத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார். முதியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். விவகாரம் 1853இல் நீதிமன்றம் ஏறியது. அந்தக் காலத்து இப்படிப்பட்ட வழக்குகளின் சூட்டில்தான் டிராலப் ‘தி வார்டன்’ நாவலை 1855இல் வெளியிட்டார். அதே ஆண்டு பிரபு பதவியை விட்டு விலகினார். நூறு ஏழைகள் உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்தில் இப்போது தேநீர்க் கடை நடக்கிறது. கேக் நன்றாக இருந்தது. விலையைப் பார்த்தபோது கில்ஃபோர்டு பிரபு ஞாபகம் வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் இந்தக் காசு கூரை ஓட்டுக்குப் போகிறது என்று பரிமாறிய பெண்மணி கேட்காமலே சொன்னார்.